மணிக்கட்டுச் சொந்தம்

காஸ்தெல்பிரூனோ ஊரில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்ததும் சாமியார் கோயில் வாசலில் நின்று மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சொல்லி, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்பார். மூன்று முறையும் ஊர் பேசாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஞாயிறும் ஊர் பேசாமல்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு, பீப்பாய் செய்யும் தெபால்தோ பேசிவிட்டான்.

பேச வேண்டுமென்று அவன் வரவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொள்வதுதான் அவன் திட்டம். பெண், மணிக்கூண்டுக்குக் கீழே ஒயின் கடை வைத்திருந்த மபீலியா. கணவன் இறந்து நாலு வருடம். மாப்பிள்ளை, மெழுகுத்திரி செய்யும் ரனூச்சியோ. தேன்மெழுகு உருக்குகிறவன் என்பதால் அவன் நடந்துபோனால் தெருவே தேன் வாசம் வீசும். தெபால்தோவின் உடம்பில் வீசியது ஈர மரமும் தாரும். ரனூச்சியோவின் முடி, அவன் பாட்டு, அவனுக்கு மீந்திருந்த பற்கள் எல்லாவற்றின்மேலும் தெபால்தோவுக்குப் பொறாமை உண்டு. ஆனாலும் அந்த வாசத்தின்மேல் இருந்த பொறாமைதான் அவனைச் சாப்பிடவிடாமல் செய்தது.

மபீலியாவின் கடையில் பெரிய பீப்பாய் ஒன்று இருந்தது. தெபால்தோ தன் கையால் செய்தது. இரண்டு வருடத்தில் அது பதினோரு முறை ஒழுகியது. ஒவ்வொரு முறையும் அவள் ஆள் அனுப்புவாள். அவனும் தலையை எண்ணெய் போட்டு வாரிக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவான். ஒழுகலை அடைப்பான். நிமிர்வான். "இனிமே ஒழுகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவான். பதினோரு முறையும் அதைத்தான் சொன்னான்.

அந்த மூன்றாவது ஞாயிறு, சாமியார் லாந்தோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, ரனூச்சியோவின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு துளி மெழுகை மபீலியா தன் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

"இருக்கு" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அது தன் குரல்தான் என்று தெபால்தோவுக்குத் தெரிய ஒரு கணம் ஆனது.

சாமியார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "என்னப்பா இருக்கு?"

"ஆட்சேபனை."

"என்ன ஆட்சேபனை?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. முன்பொரு முறை பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம் நின்றது நினைவுக்கு வந்தது. "ரெண்டு பேரும் சொந்தக்காரங்க சாமி."

ரனூச்சியோ சிரித்தான். "யாரு, நாங்களா? எங்க தாத்தா மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தவரு. பாவம் சாமி, பீப்பாய்க்குள்ள தலையை விட்டு விட்டுத் தட்டினதுல இவருக்கு உள்ள ஏதோ கழண்டுபோச்சு."

ஊர் சிரித்தது. மபீலியா மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல தெபால்தோவைப் பார்த்தாள்.

"ஆட்சேபனைன்னு வந்துட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆயரோட நீதிமன்றத்துக்குப் போங்க" என்றார் சாமியார். அவர் முகத்தில், கல்யாணச் சாப்பாடு கைநழுவிப்போகிற வருத்தம் இருந்தது.

ஆயரின் நீதிமன்றம் என்பது பேராலயத்துக்குப் பின்னால், கோயில் விளக்குகளுக்கான எண்ணெய் ஜாடிகள் வைக்கும் அறை. அதில் நடுவராக இருந்தவர் அல்பெரிகோ. பொலோஞா நகரத்தில் பதினோரு வருடம் திருச்சபைச் சட்டம் படித்தவர். நடுவராக வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அவரிடம் வந்த ஒரே வழக்கு, கல்லறைத் தோட்டத்தில் மேய்ந்த ஆட்டைப் பற்றியது. அந்த ஆடும் விசாரணைக்கு முன்பே செத்துப்போய்விட்டது. எனவே தெபால்தோ உள்ளே நுழைந்ததும் அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உக்காருப்பா. உறவுக்குள்ள கல்யாணமா? அருமை. அதாவது, பயங்கரமான பாவம். உறவுன்னா எதுவரைக்கும்னு தெரியுமா?"

"தெரியாதுங்கய்யா."

நடுவர் சட்டைக் கையை மேலே சுருட்டித் தன் கையை நீட்டினார். "பாரு. அண்ணன் தம்பி பிள்ளைங்க, இங்க, தோள்ல. அதுங்களோட பிள்ளைங்க முழங்கை. அடுத்தது மணிக்கட்டு. அப்புறம் விரல்ல மூணு கணு. கடைசியா நகம். மொத்தம் ஏழு. நகம் வரைக்கும் ரத்தம். நகத்துக்கு அப்பால காத்து. காத்தை யாரு வேணா கட்டிக்கலாம்."

"ஏன் ஐயா ஏழு?"

"ஆண்டவர் உலகத்தை ஏழு நாள்ல முடிச்சாரு."

"ஏழாவது நாள் அவரு ஓய்வு எடுத்தாருன்னு லாந்தோ சாமி சொல்வாரே."

"அதனாலதான் ஏழாவது தலைமுறையில நாங்க அவருக்கும் சேத்து உழைக்க வேண்டியிருக்கு" என்றார் நடுவர். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

எதிர் பெஞ்சில் மபீலியாவும் ரனூச்சியோவும் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பெஞ்சு. நடுவர் இறகுப் பேனாவை மையில் தொட்டார்.

"சரி. இவங்க ரெண்டு பேரும் எங்க சொந்தம்?"

தெபால்தோவுக்கு இருப்பதிலேயே சின்னப் பொய் போதுமென்று பட்டது. "நகத்துல இருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"நகம்" என்று எழுதினார். "நீ எங்க?"

"நானா?"

"சொந்தத்தைப் பத்தி அந்நியன் புகார் சொல்ல முடியாதுப்பா. சொந்தக்காரனுக்குத்தானே சொந்தம் தெரியும்? நீ இந்தம்மாவுக்கு உறவா இருந்தாத்தான் இந்த வழக்கு நிக்கும். இல்லேன்னா இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போகலாம். அவங்களும் நேரா கோயிலுக்குப் போகலாம்."

ரனூச்சியோ முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தான். "நகம்தான் சொல்லுவாரு. அதுக்கு மேல அவருக்கு எண்ணத் தெரியாது."

தெபால்தோவும் நகம் என்றுதான் சொல்ல இருந்தான். ஆனால் ரனூச்சியோவை நகத்தில் வைத்தாகிவிட்டது. அதே நகத்தில் தானும் அவனோடு இடித்துக்கொண்டு நிற்பதா? பொய்யில்கூட இவன் அவளுக்கு என்னளவு நெருக்கமாக இருப்பதா?

"மணிக்கட்டு" என்றான் தெபால்தோ. நற்செய்திப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தான். ரனூச்சியோவைவிட நாலு கணு அவளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்ற நினைப்பில் நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

மபீலியா அவனை நேராகப் பார்த்தாள். "அப்படியா அண்ணே? எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சே."

அதற்கு முன் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள். பெயரைச் சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாள். அன்றோடு அது நின்றுபோனது.

வழக்கு செவ்வாய்க்கிழமைதோறும் நடந்தது. ஏழு தலைமுறையை நிரூபிக்க, செத்தவர்களை எல்லாம் அறிந்த ஒரு சாட்சி வேண்டும். ஊரில் அப்படி ஒருவர்தான் இருந்தார், பொனீட்சோக் கிழவர். வயது தொண்ணூறு என்று அவரே சொன்னார். போன வருடமும் அதைத்தான் சொன்னார். சாட்சிக்கு, கூட்டி வருகிறவர் சாப்பாடு போட வேண்டும் என்பது நீதிமன்ற வழக்கம்.

"வயித்துல சூடு இறங்கினாத்தான் எனக்கு ஞாபகம் மேல ஏறும்" என்றார் பொனீட்சோ. தெபால்தோ குடல் சூப்பு கொண்டுவந்தான். முதல் கிண்ணத்தில் கிழவருக்கு மபீலியாவின் பாட்டியின் பாட்டி நினைவுக்கு வந்தாள். இரண்டாவது கிண்ணத்தில் அவளுக்கு ஒரு தங்கை பிறந்தாள். அந்தத் தங்கை மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

அடுத்த செவ்வாய் ரனூச்சியோ தேன் பணியாரம் கொண்டுவந்தான். கிழவர் விரலை நக்கிக்கொண்டே யோசித்தார். "இல்ல ஐயா, அந்தத் தங்கச்சி கல்யாணம் ஆகாமலே செத்துப்போனா. நல்ல பொண்ணு. நானே அழுதேன்."

அதற்கு அடுத்த வாரம் தெபால்தோ சூப்பில் கறியும் போட்டான். தங்கை உயிரோடு எழுந்து வந்து இரண்டு பிள்ளைகள் பெற்றாள்.

"எது சரி?" என்று கேட்டான் தெபால்தோ, தன் சாட்சியின் வேகத்தில் தானே மிரண்டுபோய்.

"எல்லாத்தையும் எழுதிக்கிறேன். சாட்சி முன்னுக்குப் பின் முரணா பேசினா வழக்கு ஆழமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் நடுவர்.

எழுதியதை வைத்து அவர் ஒரு மரம் வரைந்தார். தோல்தாளில் அடிமரம், கிளை, இலை; ஒவ்வொரு இலையிலும் ஒரு பெயர். ரனூச்சியோவின் கிளையைக் கண்டுபிடிக்க அதைச் சுற்றியிருந்த கிளைகளையும் வரைய வேண்டியிருந்தது. ஒரு ஆட்டுத் தோல் போதவில்லை. இரண்டாவதைத் தைத்தார். கிறிஸ்துமஸ் வந்தபோது மரம் சுவர் முழுக்கப் பரவி, எண்ணெய் ஜாடிகளை முற்றத்துக்கு விரட்டியிருந்தது.

மலைமேல் இருக்கிற சின்ன ஊர். முன்னூறு வருடமாக அங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். மரம் வளர வளர, மாவு அரைக்கும் கந்தோல்ஃபோவும் அவன் மனைவியும் விரலின் இரண்டாவது கணுவில் நிற்பது தெரிந்தது. கொல்லனும் அவன் மனைவியும் மூன்றாவது கணு. சாமியார் லாந்தோவின் அப்பாவும் அம்மாவும் நகம். ஆனால் அவர்கள் இறந்துபோயிருந்ததால் பிரிக்க யாருமில்லை; முறைகேடான கல்யாணத்தில் பிறந்தவராகிவிட்ட சாமியார் மட்டும் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

கந்தோல்ஃபோ நீதிமன்றத்துக்கு வந்து கத்தினான். "நாலு பிள்ளை பெத்தாச்சு ஐயா. இப்ப வந்து அவ எனக்குச் சொந்தம்னா?"

நடுவர் பொறுமையாகச் சொன்னார். "உன்னை நான் தேடினேனா? இல்ல. ரனூச்சியோவைத்தான் தேடினேன். வழியில நீ நின்னே. மரம் காட்டினதை நான் மறைச்சா நானும் பாவி. உன்னை உன் பெண்டாட்டிகிட்டேருந்து பிரிக்கிறது எனக்குச் சந்தோசம்னு நினைக்கிறியா? நேத்து ராத்திரி சாப்பாடே இறங்கல. கிளை அவ்வளவு அழகா வந்திருக்கு, பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

இரண்டாவது குளிர்காலத்துக்குள் முப்பத்தொரு தம்பதிகளை நீதிமன்றம் பிரித்தது. வீட்டை விட்டு வந்த ஆண்கள் படுக்க இடமில்லாமல் தெபால்தோவின் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த பீப்பாய்களுக்குள் படுத்தார்கள். காலையில் அவன் கதவைத் திறந்தால் பீப்பாய்கள் இருமின.

"டேய் தெபால்தோ, உன் பொறாமைக்கு நான் ஏன்டா இதுக்குள்ள சுருண்டு கிடக்கணும்?" என்றது ஒரு பீப்பாய், கந்தோல்ஃபோவின் குரலில்.

"யாருக்குப் பொறாமை?"

"உனக்குத்தான். ஊருக்கே தெரியும். சுவத்துல இருக்கிற அந்த மரத்துக்கு மட்டும்தான் தெரியாது."

எல்லோரும் அழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணியடிக்கும் ஓடோவும் அவன் மனைவியும் இருபது வருடமாக ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை சண்டை போட்டவர்கள். அவர்கள் கைகோத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து, தங்கள் உறவுக்குத் தாங்களே ஆதாரம் கொடுத்து, பொனீட்சோவுக்கு ஒரு முழு வாத்தும் கொடுத்தார்கள். இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கந்தோல்ஃபோவோ, இத்தனை காலம் மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்தவன், இப்போது மடியில் அத்திப்பழம் கட்டிக்கொண்டு அவளுடைய ஜன்னலுக்கு ஏணி வைக்க ஆரம்பித்தான்.

தெபால்தோவை அரித்தது இவை எதுவுமல்ல, அந்தச் சின்னப் பெஞ்சு. வழக்குக்கு முன்னால் ரனூச்சியோ வாரத்துக்கு ஒரு தடவை மபீலியாவின் கடைக்கு மெழுகுத்திரி கொடுக்க வருவான். இப்போதோ செவ்வாய்தோறும் காலை மணியிலிருந்து நண்பகல் வரை, முழங்காலோடு முழங்கால் இடிக்க, இருவரும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். கிழவர் செத்தவர்களை எழுப்பும்போது ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தை மாதக் குளிரில், நீதிமன்றத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதியோடு, ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள். நீளமான எதிர்ப் பெஞ்சில் தெபால்தோ தனியாக உட்கார்ந்து, கம்பளிக்குக் கீழே கைகள் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா, அவங்களைத் தனித்தனி பெஞ்சுல உக்கார வைக்கலாமே?"

"தனித்தனியா உக்காந்தா ரெண்டு வழக்காயிடும். மறுபடி முதல்லேருந்து தொடங்கணும். தொடங்கலாமா?" என்று ஆசையோடு கேட்டார் நடுவர்.

தெபால்தோ தன் செலவில், தன் கையால், நீளமான ஒரு பெஞ்சு செய்து கொண்டுவந்தான். நாலு பேர் தாராளமாக உட்காரலாம். நடுவர் அதைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். பொனீட்சோ படுத்துச் சாட்சி சொல்வதற்கு அது வசதியாக இருந்தது.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. வழக்கு தொடங்கிய பிறகு மபீலியாவின் பீப்பாய் ஒருமுறைகூட ஒழுகவில்லை. கடைசியில் தன் கை திருந்திவிட்டது என்று தெபால்தோ நினைத்துக்கொண்டான்.

இரண்டு வருடமும் நாலு மாதமும் கழித்துத் தீர்ப்பு வந்தது. ரனூச்சியோவும் மபீலியாவும் நகத்தில் சொந்தம். கல்யாணம் கூடாது. ரனூச்சியோ தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். தெபால்தோ வெளியே வந்து, ஆற்றில் மூன்று முறை முழுகித் தாரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாள் காலை நடுவரிடம் போனான்.

"ஐயா, ஒரு உண்மையைச் சொல்லணும். நான் மபீலியாவுக்குச் சொந்தமே இல்ல. சும்மா சொன்னேன். பொய்ச் சத்தியம். தண்டனை கொடுங்க. அப்புறம் நான் அவங்களைக் கல்யாணம் பண்ணிக்க அனுமதி கொடுங்க."

நடுவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சுவரில் இருந்த மரத்தைப் பார்த்தபடி பேசினார்.

"பொய்ச் சத்தியத்துக்கு நாப்பது நாள் ரொட்டியும் தண்ணியும். அது உன் ஆத்துமாவுக்கு, சுலபமா முடிஞ்சுடும். ஆனா மரத்துக்கு என்ன பரிகாரம்? உன் சத்தியம் பொய்னா நீ அந்நியன். அந்நியன் கொடுத்த புகார் செல்லாது. புகார் செல்லாட்டி விசாரணை செல்லாது. விசாரணையில வளந்த மரம் செல்லாது. மரம் சொல்லிப் பிரிச்ச முப்பத்தொரு குடும்பமும் செல்லாது. ஒருத்தனோட சின்ன உண்மைக்காக இத்தனை பெரிய சட்டத்தை நான் பொய்யாக்கணுமா? யோசிச்சுச் சொல்லு."

"அப்ப நெசம் என்னங்கய்யா?"

"நெசம் ஆண்டவருக்குத் தெரியும். நமக்கு முத்திரை வெச்சது தெரியும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னுதான் நாங்க தினமும் ஜெபம் பண்றோம்." பிறகு கனிவோடு தோளில் தட்டினார். "அதோட, உங்க கொள்ளுப்பாட்டிக்கும் அவங்க கொள்ளுப்பாட்டிக்கும் ஒரே அப்பன், ரெண்டு பேருக்கும் வலது கன்னத்துல மச்சம்னு பொனீட்சோ சாட்சி சொல்லியிருக்காரு."

"எங்க கொள்ளுப்பாட்டியை நான் பாத்ததே இல்லையே."

"அப்புறம் எப்படிப் பொய்னு சொல்றே?"

தெபால்தோ வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் தன் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் அந்த இலையுதிர் காலத்தைப்போல அவன் நிம்மதியாக இருந்ததில்லை. அவள் அவனுக்கு இல்லை, ரனூச்சியோவுக்கும் இல்லை. தெருவில் தேன் வாசம் வீசினால் இப்போது அவனால் மூச்சை இழுத்துவிட முடிந்தது. நாற்பது நாள் ரொட்டியும் தண்ணீரும் அவனுக்கு ருசித்தன.

பிறகு ரோமிலிருந்து கோவேறு கழுதையில் ஒரு ஆள் வந்தான். பாப்பரசர் ஆயர்களை எல்லாம் கூட்டி ஒரு பெரிய சபை நடத்தியிருந்தார். அதன் முடிவுகளை அந்த ஆள் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். நடுவர் அல்பெரிகோ கோயில் படியில் நின்று ஊருக்கு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"இனிமே ஏழு இல்ல. நாலு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்ல முதல் கணு. அதோட சரி."

கூட்டம் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தது. பிறகு கந்தோல்ஃபோ கேட்டான். "ஏன் ஐயா நாலு?"

"மனுச உடம்புல நாலு நீர் ஓடுது. ரத்தம், சளி, ரெண்டு வகைப் பித்தம். அதனால நாலு."

"போன வருசம் எத்தனை ஓடிச்சு?"

நடுவர் அதைக் காதில் வாங்கவில்லை. "சட்டம் தப்பா இருந்துச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாது. போன வியாழக்கிழமை வரைக்கும் அது பாவம்தான். வெள்ளிக்கிழமையிலேருந்து இல்ல. ஆண்டவர் மாறல. கழுதை வந்து சேந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்ப நான் ரெண்டு குளிர்காலம் பீப்பாயில தூங்கினது?"

"அது அப்போதைய சட்டப்படி முறையான தூக்கம்" என்றார் நடுவர்.

அன்று மாலைக்குள் முற்றத்துப் பீப்பாய்கள் காலியாயின. ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது. மணியடிக்கும் ஓடோ உள்ளேயிருந்து மூடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாராவது கேட்டால் தான் செத்துவிட்டதாகச் சொல்லும்படி தெபால்தோவைக் கெஞ்சினான். அதே நேரம் அவன் மனைவி வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

தெபால்தோ தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகம் போய்விட்டது. மேல் கணுக்கள் இரண்டும் போய்விட்டன. மணிக்கட்டு போகவில்லை.

ஒரு வாரத்தில் நடுவரிடமிருந்து அழைப்பு வந்தது. "சந்தோசமான சேதி. மபீலியாவுக்கும் ரனூச்சியோவுக்கும் தடை நீங்கிடுச்சு. பொண்ணுக்கு அப்பா இல்ல, அண்ணன் தம்பி இல்ல. மரத்துல தேடினேன். உயிரோட இருக்கிற ஆம்பளைங்கள்ல நெருங்கின சொந்தம் நீதான். பொண்ணை வீட்டுலேருந்து கூட்டிட்டு வந்து, கோயில் வாசல்ல நீதான் பிடிச்சுக் கொடுக்கணும்."

"நான் மாட்டேன்னா?"

"தாராளமா. மாட்டேன்னா நீ சொந்தமில்லேன்னு ஆகும். சொந்தமில்லேன்னா உன் புகார்..." என்று நடுவர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். தெபால்தோ தலையாட்டினான். அந்த வட்டத்தை அவன் ஏற்கெனவே ஒருமுறை சுற்றி வந்திருந்தான்.

அந்த ஊரில் மணப்பெண்ணின் கை மாப்பிள்ளைக்கு உரியது. அதனால் கூட்டிவருகிறவர் கையைப் பிடிக்கக் கூடாது. மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும். கல்யாணத்தன்று காலை தெபால்தோ மபீலியாவின் கடைக்குப் போனான். பெரிய பீப்பாய் சொட்டு ஈரமில்லாமல் மூலையில் நின்றது. பக்கத்தில் அவள் நீலச் சட்டையில் நின்றாள். கையை நீட்டினாள். அவளை அவன் தொட்டது அதுதான் முதல் முறை.

கடை வாசலிலிருந்து கோயில் படி வரை நாற்பது அடி இருக்கும். ஊரே பின்னால் வந்தது. தெபால்தோ தன்னால் முடிந்தவரை மெதுவாக நடந்தான்.

"அண்ணே" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "நீங்க செஞ்ச பீப்பாய் தானா ஒழுகுமா?"

"அந்த ஒண்ணு மட்டும் ஒழுகிச்சு. ஏன்னே எனக்குப் புரியல."

"என்கிட்ட ஒரு துளை போடுற ஊசி இருக்கு."

அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்த ஊரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றது.

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நல்ல ஒயின் வீணாச்சு. நீங்க வந்து, அடைச்சு, இனிமே ஒழுகாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"சொல்லியிருக்கலாமே நீ."

"கேட்டிருக்கலாமே நீங்க. ஊரே நிக்கிற இடத்துல ஆட்சேபனைன்னு சொல்ல வாய் வந்துச்சு. என் கடையில, நீங்களும் நானும் பீப்பாயும் மட்டும் இருந்தப்ப வரலியா?"

"ரனூச்சியோவைப் பிடிச்சிருக்கா?" அதைக் கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

மபீலியா கொஞ்சம் யோசித்தாள். "முதல்ல அவ்வளவா இல்ல. கேட்டாரு, சரின்னேன். அப்புறம் ரெண்டு வருசமா ஒரு செவ்வாய்க்கிழமை விடாம பக்கத்துல உக்காந்தாரு. பெஞ்சு சின்னதுண்ணே."

"நடடா" என்றான் பின்னாலிருந்து கந்தோல்ஃபோ. "என் பெண்டாட்டி வீட்டுல காத்துக்கிட்டு இருக்கா."

கோயில் வாசலில் ரனூச்சியோ தேன் வாசத்தோடு நின்றான். சாமியார் லாந்தோ பெயர்களைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். கேட்கும்போது மற்ற யாரையும் பார்க்கவில்லை, தெபால்தோவை மட்டுமே பார்த்தார். ஊரும் அவனைப் பார்த்தது. படியின் ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த நடுவர் அல்பெரிகோ பேனாவை மையில் தொட்டு, அவன் பக்கம் சாய்ந்தார்.

"ஏதாவது இருந்தா சொல்லுப்பா" என்றார் மெல்லிய குரலில். "ஞானஸ்நானத்துல வர்ற உறவுன்னு தனியா ஒண்ணு இருக்கு. அதை நான் இன்னும் தொடவே இல்ல. புது ஆட்டுத் தோல்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

தெபால்தோவின் விரல்களுக்கு நடுவே அவள் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருந்தது. எதிரே ரனூச்சியோவின் கை நீண்டு காத்திருந்தது. அவன் சட்டைக் கையில் ஒரு துளி மெழுகு ஒட்டியிருந்தது. மபீலியா அதைப் பார்த்துவிட்டாள் என்பதையும் தெபால்தோ பார்த்தான்.

"இல்ல" என்றான்.

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் கழித்து, மை காய்ந்துவிடக் கூடாதே என்று மறுபடி எடுத்து, பெண்ணின் நெருங்கிய சொந்தக்காரர் முழு மனமகிழ்ச்சியோடு ஒப்படைத்தார் என்று பதிவேட்டில் எழுதினார்.

"வரேண்ணே" என்று சொல்லிவிட்டு மபீலியா உள்ளே போனாள். பூசை முடியும்வரை தெபால்தோ அதே தூணுக்குப் பின்னால் நின்றான். அவன் வலது கை விரல்கள் இன்னும் விரியவில்லை. ஒரு மணிக்கட்டு அளவுக்கு வளைந்து, உள்ளே பீப்பாய் இல்லாத இரும்பு வளையம்போல அப்படியே நின்றன.